மூலவரின் கையொப்பம்

கடைசியாக வந்த பதினேழு படங்களில் பதினாறில் யாரோ ஒரு கணவன் தன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டான். பதினேழாவது படம் யானைகளைப் பற்றியது. அதிலும் ஓர் ஆண் யானை ஆற்றங்கரையில் பெண் யானைக்கு முன்னால் துதிக்கையைத் தாழ்த்திக்கொண்டு வெகுநேரம் நின்றது.

திருமாறன் இதையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். விண்வெளிப் படத்தில், இன்னும் நான்கு நிமிடத்துக்குத்தான் காற்று இருக்கிறது என்று சிவப்பு விளக்கு மினுக்கும்போது, கதாநாயகன் அதில் மூன்று நிமிடத்தைச் செலவழித்துப் பூமியிலிருக்கும் மனைவியிடம், அன்றைக்கு விருந்தாளிகள் முன்னால் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றான். வடசென்னைத் தாதா ஒருவன், எதிரிகள் கதவை உடைத்துக்கொண்டிருக்கும்போது அரிவாளைக் கீழே வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டான். எதிரிகளும் அவன் முடிக்கும்வரை பொறுத்திருந்தார்கள். பேய்ப் படத்தில் செத்துப்போன கணவன் அதற்கென்றே பேயாக வந்தான். சினிமாக்காரர்கள் இதற்குச் சுருக்கமாக ம.கா. என்று பெயர் வைத்திருந்தார்கள். மன்னிப்புக் காட்சி. இடைவேளை முடிந்து நாற்பது நிமிடத்துக்குள் அது வந்தாக வேண்டும்.

"யாருய்யா கேட்டா இத" என்று திருமாறன் சுவர்த்திரையைப் பார்த்து அலுத்துக்கொள்வார். கூடத்தின் மறுமூலையில் சுடோகு போட்டுக்கொண்டிருக்கும் அவர் மனைவி வளர்மதி நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கேட்டதே அவர்தான் என்று கோடம்பாக்கம் மொத்தமும் நம்பிக்கொண்டிருந்தது.

துறையூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தபடியே, திருமாறன் இருபத்திரண்டு வருடம் ஒரு வார இதழுக்கு 'நடுநிலை' என்ற பெயரில் சினிமா விமர்சனம் எழுதியவர். மொத்தம் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் ஒரே அச்சு. நூறு மதிப்பெண்ணை இரண்டாகப் பிரித்து, 'இடைவேளை வரை' என்று ஒரு பத்தி, ஐம்பதுக்கு. 'இடைவேளைக்குப் பின்' என்று இன்னொரு பத்தி, ஐம்பதுக்கு. ஒரு போலீஸ் படத்துக்கு இப்படி எழுதினார்: 'ஆய்வாளர் நடந்து வருவதை ஆறு கோணங்களில் காட்டியதற்கு மூன்று மதிப்பெண் கழிக்கப்படுகிறது. நடையில் புதிதாக ஏதும் இல்லை.' 'ஏழாம் நம்பர் லாரி' என்ற படத்துக்கு: 'கதாநாயகி படியில் தவறுகிறார், நாயகன் பிடிக்கிறார், காதல் வருகிறது. மாடிப்படிகளைச் செப்பனிட்டால் நாட்டில் பாதிக் காதல் குறையும். கழிவு ஐந்து.' இதெல்லாம் முதல் பத்தி. அதே ஆள் இரண்டாம் பத்திக்கு வந்தால் வேறு மனிதராகிவிடுவார். 'பேய்க்கு வாடகை' என்ற படத்தை முதல் பத்தியில் பந்தாடிவிட்டு இரண்டாம் பத்தியில், 'பேய் என்னவோ செய்துவிட்டுப் போகட்டும். அந்த வீட்டு மருமகளிடம் அவள் புருஷன் தப்பு என்னுடையதுதான் என்று சொன்னான் அல்லவா, அது போதும். நாற்பத்தாறு' என்று எழுதினார். முதல் பத்தியில் பிரம்பு, இரண்டாம் பத்தியில் மயிலிறகு என்று வாசகர்கள் கொண்டாடினார்கள். திருச்சியில் வாசகர் வட்டம் ஒன்று அவருக்கு விழாவே எடுத்தது. மேடையில் அவர் இதழாசிரியருக்கும், தியேட்டர் முதலாளிக்கும், அனுமதி கொடுத்த சங்கச் செயலாளருக்கும், தன்னைப் பழுதில்லாமல் சுமந்த சைக்கிளுக்கும் நன்றி சொன்னார். சைக்கிளுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

அவர் எழுதுவதை நிறுத்திப் பல வருடம் கழித்துத்தான் திரைக்கதைகளுக்கு மதிப்பெண் போடும் கணிப்புப் பொறி வந்தது. அதைப் பற்றி அவருக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். முழுக்கச் சொன்னவள் இனியாள்.

இனியாளுக்கு இருபத்தொன்பது வயது. இன்னும் முதல் படம் எடுக்காத இயக்குநர். ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, காகிதத்தில் அச்சடித்த திரைக்கதையோடு துறையூருக்கு வந்து இறங்கினாள். காகிதத்தைப் பார்த்ததுமே திருமாறனுக்கு அவள்மேல் மரியாதை வந்துவிட்டது. வளர்மதி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

"என்னம்மா பண்ணுது அந்த மிஷினு?" என்று கேட்டார்.

"சாரோட விமர்சனம் மொத்தத்தையும் அதுக்குள்ள போட்டிருக்காங்கம்மா. நாங்க ஸ்கிரிப்டக் குடுத்தா, இந்தப் படத்த சார் பாத்திருந்தா எத்தன மார்க் போட்டிருப்பாரோ அத அப்படியே போட்டுடும். அறுபது வரணும். அதுக்குக் கீழ எந்தத் தயாரிப்பாளரும் தொட மாட்டாங்க."

"படம் எடுக்கறதுக்கு முன்னாடியேவா?"

"முன்னாடியேதான்."

"எடுத்து ஓட்டின படத்தையே இவரு பாதி..." என்று ஆரம்பித்த வளர்மதி, கணவர் செருமியதும், காபி ஆறுது குடிம்மா என்று பேச்சை முடித்துக்கொண்டார்.

மற்ற விமர்சகர்களையும் போட்டுப் பார்த்தார்களாம். ஒருவருடைய கணிப்பும் ஜனங்களோடு ஒத்துப்போகவில்லை. திருமாறனுடையது மட்டும் ஒட்டிக்கொண்டது. அதனால் சினிமாக்காரர்கள் பொறியை உற்சவர் என்பார்கள், ஊர் ஊராகப் போவது அதுதான் என்பதால். துறையூரை விட்டு நகராத திருமாறனுக்கு மூலவர் என்று பெயர். விதிமுறையில் ஒரு சின்ன வழி இருந்தது. பொறி தள்ளிய கதையை மூலவர் உயிரோடு இருந்து, தானே முழுக்கப் படித்து, மதிப்பெண் போட்டுக் கையொப்பமிட்டால் அதுதான் செல்லும். இதுவரை யாரும் இவரைத் தேடி வந்ததில்லை. ம.கா. ஒன்றைச் செருகினால் ஒன்பது மதிப்பெண் கூடும்போது எவன் துறையூருக்கு பஸ் ஏறுவான்?

இனியாள் செருக மாட்டேன் என்றிருந்தாள். அவள் கதையில் நெடுஞ்சாலையில் பழுதான வண்டிகளை இழுத்துப் போகும் மீட்பு வண்டி ஓட்டுகிற ஒருத்தி வருகிறாள். எட்டு வருடத்துக்கு முன் அவளை விட்டுப்போன புருஷனின் கார், ஒருநாள் பாடாலூருக்குப் பக்கத்தில் நின்றுபோகிறது. கூப்பிட்டால் வருவது இவள் வண்டி. இழுத்துக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப்பில் விடுகிறாள். வழியெல்லாம் பேச்சு உண்டு. மன்னிப்பு மட்டும் இல்லை. பொறி முதல் பாதிக்கு நாற்பத்து மூன்றும் இரண்டாம் பாதிக்குப் பதினான்கும் போட்டு, மொத்தம் ஐம்பத்தேழில் நிறுத்திவிட்டது.

"அந்த சீன வெச்சா அது வேற படம் சார்," என்றாள். "திங்கக்கிழமைக்குள்ள மார்க் வரலேன்னா தயாரிப்பாளர் வேற கதைக்குப் போயிடுவார். நாலு வருஷமா இத ஒண்ணத்தான் எழுதினேன்."

நாளைக் காலை வா என்று அவளைத் திருச்சி லாட்ஜுக்கு அனுப்பிவிட்டு, திருமாறன் சிவப்பு, நீலம் என இரண்டு பேனாக்களோடு உட்கார்ந்தார். முதல் பாதி சுகமாக ஓடியது. மூன்றாம் பக்கத்தில் மூன்று கழிவு, பதினெட்டில் நான்கு, தேவையில்லாத ஒரு மழைக்கு இரண்டு. நாற்பத்தொன்று போட்டார். பிறகு 'இடைவேளை' என்று எழுதியிருந்த பக்கத்தைப் புரட்டினார்.

அங்கே அவருக்குக் கை ஓடவில்லை. படித்தார், புரிந்தது. நன்றாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டார்; தெரியவில்லை. இன்னொரு தடவை படித்தார். அப்போதும் தெரியவில்லை. பழக்கமில்லாத வேலை.

ஏனென்றால், அந்த ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு படங்களில் ஒன்றில்கூட அவர் இரண்டாம் பாதியைப் பார்த்ததில்லை.

சங்கத்தில் வெள்ளிக்கிழமை காலை பன்னிரண்டு மணிவரைதான் அனுமதி. பத்தரைக்குக் காலைக் காட்சி. இடைவேளை மணி அடித்ததும் அவர் வெளியே வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்விடுவார். பக்கத்து இருக்கையில் வளர்மதி இருப்பார். படம் முடிந்து ஒரு மணி வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போய், மாலையில் சப்பாத்தி இட்டுக்கொண்டே மீதிக் கதையைச் சொல்வார். திருமாறன் பதினான்கு கேள்விகள் அடங்கிய பட்டியல் ஒன்று வைத்திருந்தார். சண்டை எத்தனை, பாட்டு எத்தனை, கண் கலங்கியதா, எந்த இடத்தில், ஐம்பதுக்கு எவ்வளவு. சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார். பிறகு அதை நல்ல தமிழில் திருப்பி எழுதி, நடுநிலை என்று கீழே போடுவார். இதை ஏமாற்று என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. வேலைப் பங்கீடு என்று நினைத்திருந்தார்.

அதனால் அன்றைக்கும் செய்ததையே செய்தார். திரைக்கதையின் பின்பாதியை உருவி எடுத்துக்கொண்டு போய் மனைவியின் சுடோகுவின் மேல் வைத்தார். வளர்மதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் படித்தார். நடுவில் ஒரு தடவை சிரித்தார். திருமாறன் பட்டியலை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். பட்டியலுக்கு வேலை வரவில்லை.

"நாப்பத்தி நாலு," என்றார் வளர்மதி.

"அவன் மன்னிப்பே கேக்கலியே."

"கேக்காததுதான் சரி. கேட்டுட்டா அவ மன்னிக்கணும். அப்புறம் அது அவன் படமாயிடும்."

"நீதான வளரு இந்த மாதிரி சீனுக்கெல்லாம் அள்ளிப் போடுவ? போலீஸ் படமோ பேய்ப் படமோ, எவனாவது பொண்டாட்டிகிட்ட தப்புன்னு சொல்லிட்டான்னா நாப்பதுக்குக் கீழ எறங்க மாட்டியே."

"போட்டேன். அப்ப முப்பத்தஞ்சு வயசு. நெசத்துலதான் யாரும் கேக்கல, படத்துலயாச்சும் ஒருத்தன் கேக்கறானேன்னு போட்டேன்."

"யாரு கேக்கல?"

வளர்மதி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். "திருச்சி மேடைல சைக்கிளுக்குக்கூட நன்றி சொன்னீங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கட்டத்தில் விட்டுப்போன எண்ணைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மறுபடி சுடோகுவுக்குத் திரும்பினார்.

திருமாறன் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். விண்வெளி வீரனும் தாதாவும் பேயும் யானையும் வரிசையாக மனக்கண்ணில் வந்து நின்றார்கள். இத்தனை பேரும் இத்தனை வருடமாக யாருக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்கு மெல்லத்தான் உறைத்தது.

மறுநாள் காலை இனியாள் படிவத்தோடு வந்தாள். மதிப்பெண் கட்டங்களைத் திருமாறன் நிரப்பிவிட்டார்: நாற்பத்தொன்று, நாற்பத்து நான்கு. கீழே ஓர் உறுதிமொழி இருந்தது. மேற்கண்ட தீர்ப்பு நானே முழுமையாகப் படித்து, என் சொந்த ரசனையில் அளித்தது. அந்த இடத்தில் பேனா நின்றது. நின்ற பேனாவை அவர் மேசைமேல் வைத்துவிட்டு, விஷயத்தை முதலிலிருந்து வரிசையாக அவளிடம் சொன்னார்.

இனியாள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். இது வெளியே போனால் பொறியே பொய்யாகிவிடும், ஆறு வருடப் படங்களுக்கும் அது பதில் சொல்ல வேண்டிவரும், தன் படம் அந்தக் கலவரத்தில் காணாமல் போய்விடும் என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டாள்.

"சார், கையெழுத்த மட்டும் போட்டுடுங்க. யாருக்கும் தெரியப் போறதில்ல."

"யாருக்கும் தெரியப் போறதில்லன்னுதாம்மா இருவத்தி ரெண்டு வருஷம் போட்டேன்," என்றார் திருமாறன்.

துறையூர்ப் பள்ளியில் கடிதம் எழுதக் கற்றவர். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் முறைப்படி இருந்தன. 'பொருள்: இரண்டாம் பாதிகள் பார்க்கப்படாமை குறித்து' என்று போட்டு, முதலாவதாக, இரண்டாவதாக, மூன்றாவதாக என்று ஏழு பத்திகளில் நடந்ததைக் கணிப்பு நிறுவனத்துக்கு எழுதினார். தன் பெயரைப் பொறியிலிருந்து எடுத்துவிடும்படியும், அதனால் வரும் அவப்பெயர் தன்னுடையதே என்றும், இந்தப் பெண்ணின் கதைக்கு அதனால் கெடுதல் வரக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். இனியாளே அதைப் படமெடுத்து அனுப்பினாள். அனுப்பும்போது அவள் முகம், தன் வண்டியைத் தானே பள்ளத்தில் தள்ளுகிறவள் முகம்போல இருந்தது. லாட்ஜைக் காலி செய்துவிடட்டுமா என்று கேட்டவளை வளர்மதிதான், நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்க வா, அப்புறம் பாக்கலாம் என்று நிறுத்தி வைத்தார்.

சனிக்கிழமை மத்தியானம், அவள் கை கழுவிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. திருமாறன் தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டதால் இனியாள்தான் உரக்கப் படித்தாள்.

மிகவும் மரியாதையான கடிதம். ஐயாவின் நேர்மையைப் பாராட்டியிருந்தார்கள். தாங்கள் குறிப்பிட்ட விஷயம் எங்களுக்கு முன்பே தெரியும் என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டு பத்திகளும் ஒரே ஆளுடைய ரசனை இல்லை என்று பொறியே மூன்றாம் மாதத்தில் சொல்லிவிட்டதாம். மறைத்து வைத்ததற்கு வருந்துகிறோம். பெரியவர் மனம் நோகும் என்று சொல்லாமல் இருந்தோம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த பத்தியை இனியாள் கொஞ்சம் தணிந்த குரலில் படித்தாள். முதல் பத்தியின் மதிப்பெண்களுக்கும் படங்களின் வெற்றி தோல்விக்கும் எந்தத் தொடர்பும் கிடைக்கவில்லை. எனவே இரண்டாம் ஆண்டிலிருந்தே அந்தப் பகுதி அணைத்து வைக்கப்பட்டுள்ளது. பொறி இயங்குவது இரண்டாம் பத்தியை வைத்து மட்டுமே. முதல் பாதிக்குக் காட்டப்படும் மதிப்பெண், தங்கள்மீதுள்ள மரியாதையின் பொருட்டுக் காட்டப்படுவது.

"அப்ப எனக்குப் போட்ட நாப்பத்தி மூணு?" என்றாள் இனியாள்.

"எல்லாருக்கும் நாப்பதுக்கு மேலதான் போட்டிருக்கும்," என்றார் வளர்மதி. "மரியாதைக்குக் கம்மியாவா போடுவாங்க."

திருமாறன் ஆய்வாளரின் ஆறு கோணங்களை நினைத்தார். மாடிப்படிகளை நினைத்தார். எத்தனை கழிவுகள், எவ்வளவு நுணுக்கம். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது வந்ததில் அவருக்கே ஆச்சரியம்.

கடிதத்தின் கடைசியில் விஷயம் இருந்தது. மூலவர் என்று விதிமுறை சொல்வது பொறிக்கு ரசனையைத் தந்தவரை. ஆகவே கையொப்பமிட வேண்டியவர் அந்த இரண்டாமவர். அவர் பெயரைத் தாங்கள் ஏழு பத்திகளிலும் குறிப்பிடவில்லை. இணைப்பில் புதிய படிவம் அனுப்பியிருக்கிறோம்.

இனியாள் ஓட்டமும் நடையுமாக பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் அச்செடுத்துக்கொண்டு வந்தாள். வளர்மதி முன்பாதியையும் கேட்டு வாங்கினார். முழுசா படிக்காம கையெழுத்துப் போடறது நம்ம வீட்டுல ஒருத்தரோட போகட்டும் என்றார். திருமாறன் எடுத்துக் கொடுத்தார். மூன்று மணிவரை கூடத்தில் காகிதம் புரளும் சத்தம்தான். பிறகு வளர்மதி முதல் பாதிக் கட்டத்தில் நாற்பத்து மூன்று, இரண்டாம் பாதிக் கட்டத்தில் நாற்பத்து நான்கு என்று எழுத்தாலும் எண்ணாலும் எழுதினார். மழை இருக்கட்டும்மா, நல்லாருக்கு என்றார். உறுதிமொழிக்குக் கீழே தி. வளர்மதி என்று நிறுத்தி நிதானமாகக் கையொப்பமிட்டார். இனியாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். அவள் படம் பிழைத்துவிட்டது.

படிவத்தில் இன்னும் ஓர் இடம் காலியாக இருந்தது. பொறியைத் திருத்தி அமைக்க ஒரு விளக்கம் தேவைப்படுகிறது என்று கேட்டிருந்தார்கள். மன்னிப்புக் காட்சிக்கு இருபத்திரண்டு ஆண்டுகளும் விடாமல் கூடுதல் மதிப்பெண் தரப்பட்டதற்குக் காரணம் என்ன? கீழே நான்கு புள்ளிக்கோடுகள்.

வளர்மதி அதைப் படித்தார். பேனாவை மூடினார். படிவத்தை மேசையின் அந்தப் பக்கத்துக்கு நகர்த்தி வைத்தார்.

"இத நீங்க எழுதுங்க. காரணம் உங்களுக்குத்தான் தெரியும்."

திருமாறன் உட்கார்ந்தார். 'அலுவலகத்தில் அனுமதி நேரம் குறைவாக இருந்ததால்' என்று முதல் கோட்டில் எழுதினார். படித்துப் பார்த்து அடித்தார். ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு தீர்ப்பு எழுதிய கைக்கு நான்கு வரியில் ஒரு வரியும் பிடிபடவில்லை. இனியாள் நாலு மணி பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். வளர்மதி வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். அடுத்த பஸ் அஞ்சே காலுக்கு இருக்கு, அவரு எழுதட்டும்.

அவர் இரண்டாவது கோட்டிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை அடிக்கவில்லை. நான்காவது கோடு முடிந்ததும் ஓரத்தில் எழுதினார். ஓரமும் நிறைந்ததும் தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். இனியாள் எட்டிப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். வளர்மதி சுடோகுவைக் கையில் வைத்திருந்தார். ஒரு கட்டத்தையும் நிரப்பவில்லை.

நாலரை மணிக்குத் திருமாறன் நிமிர்ந்தார். கூடுதல் தாள் இருக்கிறதா என்று கேட்டார்.